ஆயிரத்துக்கு இரண்டு

ஒரு காட்டில், ஒரே ஓர் எண்ணை ஒன்பது வருடமாக நம்ப முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது ஓர் அலுங்கு, அதாவது எறும்புதின்னி. அந்த எண், இரண்டு.

அலுங்கின் பெயர் அம்பலவாணன். உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது, சாப்பாடு கரையான். காட்டில் நடக்கும் வன்முறைகளை எண்ணி வருடாவருடம் மன்றத்துக்குத் தருவது அதன் உத்தியோகம். அந்தக் காட்டில் துப்பாக்கிக்குத் தடை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த காட்டில் கேட்டவர்க்கெல்லாம் துப்பாக்கி. மழைக்காலம் முடிந்ததும் இரண்டு காடுகளின் எண்களையும் அருகருகே எழுதி, கரையில் இருந்த மருதமரத்தில் ஒட்டுவார்கள்.

'வன்முறைக் குற்றங்கள், ஆயிரம் விலங்குகளுக்கு: இக்கரை 212. அக்கரை 2.'

படித்த விலங்குகள் எல்லாம் திரும்பி அம்பலவாணனைப் பார்க்கும், ஏதோ அந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் அதுவே செய்துவிட்டு வந்தது போல.

அம்பலவாணனும் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டது. நாம் அதிகமாக எண்ணுகிறோமோ? குளத்தங்கரையில் பன்றி பன்றியை இடித்தாலும் அது பதிந்தது. காக்கை எருமையைக் கொத்தியதைப் பதிந்தது. எருமை அதைச் சுகமாக அனுபவித்ததாக வாக்குமூலம் தந்த பிறகும் அழிக்கவில்லை. ஒரு நாள் தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டு அலறியபோது, குற்றவாளி யார், பாதிக்கப்பட்டவர் யார் என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்து, கடைசியில் 'விசாரணையில் உள்ளது' என்று எழுதிவைத்தது. ஆனால் எப்படிக் கழித்துப் பார்த்தாலும் அக்கரையின் இரண்டு மட்டும் தொண்டையிலேயே நின்றது.

இந்த வருடம் அந்த இரண்டு, உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. காரணம், பக்கத்துக் குகைக் கரடி செங்கோடன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கரையான் புற்று. கரடிக்கும் கரையான் என்றால் உயிர். புற்று யாருடையது என்று ஆறு வருடமாகத் தகராறு. அடித்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், கரடி கையை ஓங்கியதும் அம்பலவாணன் பந்தாகச் சுருண்டுவிடும். செதிலில் நகம் இறங்காது. கரடி அதைக் கொஞ்ச நேரம் உருட்டி விளையாடிவிட்டு, அலுத்துப்போய் வீடு திரும்பும். அதையும் அம்பலவாணன் பதியும்: 'உருட்டல், ஒன்று.'

செங்கோடன்தான் துப்பாக்கித் தடையை நீக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மன்றம் கூடி முடிவு சொல்லும்.

"என்ன பங்காளி, பயமா இருக்கா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது கரடி. தோளில் துப்பாக்கி மாட்டிப் பழகுவதற்காக ஒரு மூங்கில் கழியைத் தொங்கவிட்டிருந்தது.

"எனக்கென்ன பயம்?"

"இல்ல, முதல் குண்டு உனக்குத்தான்னு நேந்துக்கிட்டேன். உன் செதில்ல அது பாயுமான்னு ஊரே பந்தயம் கட்டியிருக்கு. நான் பாயும்னு சொல்லியிருக்கேன். கைவிட்டுறாத."

"துப்பாக்கி வந்தா காட்டில் குற்றம் பெருகும் செங்கோடா."

"அப்படியா? மருதமரத்துல போய்ப் பாரு. அங்க ரெண்டு, இங்க இருநூத்துப் பன்னண்டு. அதுல நூறு நான் உன்னை உருட்டினது. துப்பாக்கி வந்துட்டா நான் ஏன் உன்னை உருட்டப்போறேன்? ஒரே நாள்ல நூறு குறைஞ்சிரும்."

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அம்பலவாணனுக்கு உடனே தெரியவில்லை. அதுதான் அதற்குப் பெரிய வேதனையாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஓர் ஆமையின் முதுகில் ஏறி அக்கரைக்குப் போனது. இரண்டு என்ற எண்ணை எழுதுகிற கையை நேரில் பார்த்துவிட வேண்டும்.

அக்கரைக் காடு அமைதியாகத்தான் இருந்தது. எதிரே வந்த முயல் ஒன்று, முப்பது அடி தள்ளி நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி, "வணக்கம், வணக்கம், நான் ஒண்ணும் பண்ணலை" என்று சொல்லிவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இவ்வளவு மரியாதையை அம்பலவாணன் தன் காட்டில் கண்டதே இல்லை. பாதைகள் அகலமாக, காலியாகக் கிடந்தன.

குற்றப் பதிவு அலுவலகத்தில் ஒரு வரிசை நின்றது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட கீரி ஒன்று உட்கார்ந்திருந்தது. பெயர் தனுஷ்கோடி. ஒன்பது வருடமாக அந்த இரண்டை எழுதி அனுப்பியது அதுதான். வரிசையின் முதலில் ஒரு சருகுமான்.

"ஐயா, என் வீட்டுக்காரரைச் சுட்டுட்டாங்க."

"அடடா. பாதிக்கப்பட்டவரைக் கூப்பிடும்மா, கையெழுத்துப் போடணும்."

"அவர் செத்துட்டார் ஐயா."

"செத்தவர் எப்படிம்மா புகார் கொடுப்பார்?" கீரி கோபப்படவில்லை. பொறுமையாகப் புகார் மனுவைத் திருப்பிக் காட்டியது. "இதோ பாரு. 'பாதிக்கப்பட்டவர் நேரில் வரவேண்டும். சுட்டவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும்.' நான் போட்ட சட்டமில்லை. பொய்ப் புகார் வரக்கூடாதுன்னு பெரியவங்க போட்டது."

"சுட்டவர்கிட்ட கையெழுத்துக் கேட்கத்தான் என் கொழுந்தனார் போனார்."

"போட்டாரா?"

"கொழுந்தனாரையும் சுட்டுட்டார்."

"அப்ப அது தனி மனு. அவரையும் வரச் சொல்லு."

சருகுமான் போய்விட்டது. அடுத்து நின்றவையும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பத்து நிமிடத்தில் அலுவலகம் காலி. அம்பலவாணன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும், கீரி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

"நீங்கதானா அந்த இருநூத்துப் பன்னண்டு! உங்களை நினைச்சு நான் எத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கேன் தெரியுமா?"

"ஐயா, அந்த ரெண்டு யார்?"

"ஒண்ணு, காதில் குண்டு உரசின நரி. சுட்டது அதோட தம்பி, அதனால கையெழுத்துப் போட்டான். இன்னொண்ணு என் மேலதிகாரி. வரிசையில் யாரோ அவர் காலை மிதிச்சுட்டாங்க."

"சரி, ஆயிரம் விலங்குகளுக்குன்னு எழுதறீங்களே. இந்தக் காட்டில் ஆயிரம் விலங்கு இருக்கா?"

"பட்டியல்ல இருக்கு. பேரை நீக்கணும்னா அவங்கவங்க நேரில் வந்து நீக்கல் மனு தரணும். ஒன்பது வருஷமா ஒருத்தர்கூட வரலை. அந்த அளவுக்குத் திருப்தியா இருக்காங்க."

திரும்பும்போது ஆமையின் முதுகில் அம்பலவாணன் சிரித்துக்கொண்டே வந்தது. ஒன்பது வருடமாகத் தப்பாக எண்ணியது தான் அல்ல. நாளைக்கு இதைச் சொன்னால் போதும், கரடியின் மனு தோற்கும், செதில் பிழைக்கும்.

வெள்ளிக்கிழமை மன்றம் கூடியது. தலைவி யானை மங்களவல்லி. கரடியின் அழைப்பில் கீரி தனுஷ்கோடியும் விருந்தினராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அம்பலவாணன் எழுந்து, பார்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னது. சருகுமானைச் சொன்னது, கொழுந்தனாரைச் சொன்னது, பட்டியலில் மட்டும் வாழ்கிறவர்களைச் சொன்னது.

யானை துதிக்கையால் நெற்றியைத் தடவிக்கொண்டது.

"அம்பலவாணா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். அக்கரைப் புகார் மனுவை நாம இங்க வச்சிருந்தா, நம்ம இருநூத்துப் பன்னண்டு எவ்வளவு ஆகும்?"

அம்பலவாணனுக்குப் பொய் சொல்ல வராது. மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தது. இடித்த பன்றிகள் எதுவும் கையெழுத்துப் போடாது. காக்கை போடாது. கரடி நிச்சயமாகப் போடாது.

"பூஜ்யம் ஆகும், தாயே."

"பூஜ்யமா?"

"நான் என் வாலை மிதித்தது மட்டும் தேறலாம். ரெண்டு கையெழுத்தும் நான்தானே."

காடே எழுந்து நின்று கைதட்டியது. அவர்களைவிட நாம் மேல் என்று குரங்குகள் கூச்சலிட்டன. "துப்பாக்கி இல்லாமலே இந்த நிலைமைன்னா, துப்பாக்கியும் வந்துட்டா எங்கேயோ போயிருவோம்!" என்றது செங்கோடன். தடை நீங்கியது. அக்கரைப் புகார் மனுவும் சொல்லுக்குச் சொல் அப்படியே ஏற்கப்பட்டது. அதை அமல்படுத்த கீரியே ஆலோசகராக நியமிக்கப்பட்டது. இவ்வளவும் அம்பலவாணனின் ஆய்வினால் விளைந்தது என்று தலைவி யானை பாராட்டி, ஒரு மாலையும் போட்டது.

கூட்டம் கலைந்தது. அக்கரையிலிருந்து வந்திறங்கிய துப்பாக்கிப் பெட்டிகளை விலங்குகள் முண்டியடித்துப் பிரித்துக்கொண்டிருந்தன. செங்கோடன் ஒரு துப்பாக்கியை எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடி, அம்பலவாணனுக்கும் தனக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்த்தது. "அவசரமில்ல பங்காளி, நாளைக்குக் காலைல வச்சுக்கலாம்," என்றது அன்பாக.

மாலையோடு அம்பலவாணன் மெதுவாகக் கீரியிடம் போனது. புது மேசை, புது மனுக்கட்டு. மேலே இருந்த ஒரு தாளை உருவி எடுத்து, பெயர், வயது, முகவரி என்று கவனமாக நிரப்பியது. பிறகு, இத்தனை வருடம் தான் நம்பாத அந்த இரண்டை எழுதிய கீரியின் முகத்தைப் பார்த்துக் கேட்டது:

"ஐயா, நாளைக்கு நேரில் வர எனக்குச் சௌகரியப்படாது. புகாரை இன்றைக்கே கொடுத்துவிட்டால் வாங்கிக்கொள்வீர்களா?"

நீதி: காட்டில் குற்றம் குறைய வேண்டுமானால் துப்பாக்கியைப் பிடுங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், புகார் மனுவில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டால் போதும்.