தாத்தா படம் போட்ட வெப்சைட்

நாட்குறிப்பு எழுதுகிற ஆளிடம் எந்த வியாபாரத்தையும் ஒப்படைக்கக் கூடாது. பட்டுத்தான் சொல்கிறேன். பட்டது என் மனைவி. அந்த நாட்குறிப்பு ஆள் நான்.

முப்பத்தோரு வருட நாட்குறிப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன. வங்காளத்தில் எங்கள் டாக்குரியா வீட்டில் குழாய் மாற்றிய கிழமை, மகளுக்கு முதல் பல் விழுந்த திதி எல்லாம் அவற்றில் கிடைக்கும். (இதுவரை யாரும் கேட்டதில்லை.)

என் மனைவி உமாவுக்கு வேறு திறமை. கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், என் டிபன் பெட்டியில் அவள் வைத்தனுப்பிய முறுக்கையும் தட்டையையும் வங்காளி நண்பர்கள் எனக்கு மிச்சம் வைத்ததே இல்லை. நான் ஓய்வுபெற்றதும் அவள் அதையே தொழிலாக்கினாள். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ‘பௌதி’, அதாவது அண்ணி; நான் ‘தாதா’, அதாவது அண்ணன். பௌதியின் முறுக்கு என்றால் மூன்று தெருவுக்குத் தெரியும்.

ஒரு நாள் துர்கா பூஜைக் கமிட்டிச் செயலாளர் தபன்தா வந்தார். தசமி முடிந்ததும் குடியிருப்பின் நூற்று நாற்பது வீடுகளுக்கும் தலா ஒரு பலகாரப் பெட்டி கொடுக்கப்போகிறார்களாம்.

“எனக்கு உங்க முறுக்குதான் வேணும் பௌதி. ஆனா கமிட்டியில பதினோரு பேர், பதினோரு நாக்கு. மூணு கடையைப் பார்க்கறோம். அடுத்த மாசம் மூணாவது ஞாயிறு மீட்டிங். பெரிய திரையில எல்லார் வெப்சைட்டையும் போட்டுப் பார்த்து முடிவு பண்ணுவோம். உங்களுக்கு வெப்சைட் இருக்கில்ல?”

“இருக்கும்” என்றாள் உமா. (அப்போது இல்லை.)

கீழ்த்தளத்தில் காலியாகக் கிடந்த ஓர் அறையின் மேல் அவளுக்கு ரொம்ப நாளாகக் கண். இந்த ஆர்டர் கிடைத்தால் அதை எடுத்து இரண்டு பெரிய அடுப்பு போடுவேன், கிடைக்காவிட்டால் இந்தச் சமையலறைதான் என்று சொல்லிவிட்டாள்.

அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் யாமினிக்கு இது ஒரு விஷயமே இல்லை.

“டெம்ப்ளேட் ஒண்ணு எடுத்துக்கலாம்ப்பா. எல்லாம் ரெடியா இருக்கும். போட்டோ, விலை, போன் நம்பர் போட்டா முடிஞ்சுது.”

“அதே டெம்ப்ளேட்டை இன்னொருத்தன் செருப்புக் கடைக்கு வச்சிருப்பான்.”

“வச்சுக்கட்டுமே. அவன் முறுக்கா விக்கறான்?”

“நமக்குன்னு தனியா வடிவமைக்கணும். நம்ம குடும்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.”

“தூர் பாபா! முறுக்குக்கு எதுக்கு வரலாறு?” (எரிச்சல் வந்தால் என் மகளுக்குத் தமிழ் நின்றுவிடும். இது வங்காளத்தில் ‘அட போங்கப்பா’.)

“யார் வேணா பண்ணுங்க, மீட்டிங்குக்கு முன்னாடி பண்ணுங்க” என்று உமா மாவு பிசையப் போய்விட்டாள். அந்த இடைவெளியில் நான் நுழைந்தேன்.

கரியாஹாட் கடைவீதியில் ஒரு புடவைக் கடையின் மாடியில் சௌமிக் என்ற இளைஞர் வெப்சைட் செய்து கொடுத்தார். என்ன வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். அரைப் பக்கத்தை எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் கொடுத்தது இருபத்து மூன்று பக்கம்.

நாலு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தார். “தாதா, இது வெப்சைட்டா, பஞ்சாங்கமா?”

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பதினேழாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மகாளய அமாவாசைக்கு முந்தைய பதினைந்து நாட்கள் முன்னோர்களுக்கு உரியவை. அப்போது புதிதாக எதையும் தொடங்குவது எங்கள் வழக்கமில்லை. ஆகவே அந்த நாட்களில் வெப்சைட் தானாகவே மூடிக்கொண்டு, மாலை போட்ட என் தாத்தாவின் படத்தை மட்டும் காட்ட வேண்டும்.

சௌமிக் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “பூஜைக்கு முன்னாடி பதினஞ்சு நாளா? அப்ப ஊரே கீழ நின்னு வாங்கிட்டிருக்கும் தாதா. எல்லாக் கடைக்கும் வருஷத்துல அதுதான் பெரிய சீசன்.”

“கூட்டம் வேற, மரபு வேற” என்றேன். (அன்றைய நாட்குறிப்பில் இந்த வாக்கியத்துக்கு அடிக்கோடு இருக்கிறது.)

“டெம்ப்ளேட்ல இதெல்லாம் செய்யவே முடியாது.”

“அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டதை அப்படியே செய்தார். கேட்காததையும் ஒன்று செய்தார். தாத்தாவின் பழைய படத்தில் கீறல்களை எடுத்து, வண்ணம் ஏற்றி, நேற்று எடுத்தது போல் ஆக்கினார். அந்தப் படத்தில் தாத்தாவுக்கு என் வயது. என் மீசை, என் மூக்குக் கண்ணாடி, என் வழுக்கை.

சரிபார்த்தது வளர்பிறையில். எல்லாம் அழகாகத் திறந்தது. முறுக்குப் படங்களைப் பார்த்த உமா “நல்லாத்தான் இருக்கு” என்றாள். எங்கள் வீட்டில் இதற்கு மேல் விருது கிடையாது.

மீட்டிங் தேதி உமாவின் ஆங்கிலக் காலண்டரில் வட்டமிடப்பட்டிருந்தது. மகாளய பட்சம் என் பஞ்சாங்கத்தில். இரண்டும் ஒரே ஆணியில்தான் தொங்கின. கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் ஒப்பிக்கிற எனக்கு, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மீட்டிங். கடைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. உமா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏழு நாற்பதுக்கு அழைப்பு மணி அடித்தது. ஒரு வாரமாக விடாமல் இருமிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்த நான்தான் போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் தபன்தா, கை நிறைய வெள்ளைச் சம்பங்கியோடு. பின்னால் தலைகுனிந்தபடி நாலைந்து பேர். மூன்றாவது மாடி மஞ்சுதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தபன்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பூ கீழே விழுந்தது.

“தாதா... நீங்களா?”

“நான்தான். வேற யாரு?”

“ஓ மா!” என்று மஞ்சுதி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். திரையில் எங்கள் வெப்சைட்டைப் போட்டதும் மாலையோடு நான் தெரிந்திருக்கிறேன். கீழே, நானே எழுதிய உயர்ந்த ஆங்கிலத்தில், ‘மறைந்த குடும்பத் தலைவரின் நினைவாக ஆர்டர்கள் ஏற்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி. பதினோரு பேரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்திருக்கிறார்கள்.

“ஒரு வாரமா ஆளைக் காணோம். கடைசியாப் பார்த்தப்ப வேற இருமிட்டிருந்தீங்க” என்றார் தபன்தா. “ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா எடுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு மஞ்சுதிதான் சொன்னாங்க.”

மஞ்சுதி என்னை விரோதமாகப் பார்த்தார். நான் உயிரோடு இருந்தது அவருக்குப் பெரிய சங்கடம்.

“அப்ப ஆர்டர்?” என்றாள் உமா, என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

தபன்தா தரையைப் பார்த்தார். “துக்க வீட்டுல போய் நூத்து நாப்பது பெட்டிக்குப் பொரிச்சுக் குடுங்கன்னு எப்படிக் கேக்கறது பௌதி? மனசு வரல. இன்னொரு கடைக்குப் போன்ல சொல்லி முடிச்சுட்டோம்.”

யாமினி தன் போனில் வெப்சைட்டைத் திறந்து நீட்டினாள். உமா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“யாரு இதைப் போடச் சொன்னது?”

“பதினேழாம் பக்கத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“தபன்தா, அந்தப் பூவை உள்ள கொண்டாங்க. எப்படியும் இன்னிக்கு வேண்டியிருக்கும்.”

நல்ல புடவையை மாற்றிக்கொண்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இரண்டு நாள் பாத்திரங்கள்தான் பேசின.

கமிட்டி அத்தோடு விடவில்லை. மீட்டிங் அறையிலிருந்தே அச்சகத்துக்கும் சொல்லியிருக்கிறார்கள்; பிறகு நிறுத்தச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பூஜை மலரின் இரங்கல் பக்கத்தில் நான் வந்தேன். ‘அமைதியானவர், யாருக்கும் தொந்தரவு தராதவர்’ என்று எழுதியிருந்தார்கள். (உமா இந்த வரியை மூன்று முறை வாய்விட்டுப் படித்தாள்.) எனக்குப் பொறுக்காதது வேறு. நான் காலமான நாள் சனிக்கிழமை என்று போட்டிருந்தது. அவர்கள் வெப்சைட்டைத் திறந்ததோ ஞாயிறு, தேய்பிறை பஞ்சமி. ஆதாரத்தோடு ஒரு திருத்தக் கடிதம் எழுதினேன். யாமினி அதை நாலாகக் கிழித்தாள்.

அவளுடைய டெம்ப்ளேட் வெப்சைட் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தயாராகிவிட்டது. போட்டோ, விலை, போன் நம்பர், அவ்வளவுதான். செருப்புக் கடைக்கும் பொருந்தும். அந்தப் பதினைந்து நாள் முடிவதற்குள்ளேயே உமாவுக்குப் போன் ஓயாமல் வர ஆரம்பித்தது. கமிட்டியின் நூற்று நாற்பது பெட்டிகள் அடுத்த வருடம்தான் வந்தன. கீழ் அறையும் அடுப்புகளும் அதற்குப் பிறகுதான். ஒரு வருடத் தாமதம், முழுக்க என் கைங்கரியம்.

யாமினி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். என் பிறந்தநாளைக்கூட மறந்துவிடுவாள். ஆனால் வருடா வருடம் மகாளய பட்சத்துப் பஞ்சமியன்று காலை எட்டு மணிக்கு அவள் போன் தவறாமல் வந்துவிடும்.

“அம்மா, இன்னிக்கு அப்பாவோட திதி. என்ன சமையல்?”

“வடை, பாயசம்” என்பாள் உமா. “போன வருஷம் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.”