நூலகத்துக்கு நான் உறை போட்ட கதை

எனக்கொரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் உறை போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டு ரிமோட் வாங்கிய நாளிலிருந்து பொலித்தீன் பைக்குள்தான் குடியிருக்கிறது. கதிரைகளுக்குச் சட்டை, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடிக்கும் சட்டை. (கலியாணத்துக்கு முந்தியே எங்கள் வீட்டார் மாப்பிள்ளையை எச்சரித்துவிட்டார்கள், பாவம் அவர் நம்பவில்லை.) இந்த வியாதி ஒருமுறை ஒரு நூலகத்தையே விழுங்கப் பார்த்தது.

பள்ளிவாசல்துறைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியையாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்த கையோடு அதிபர் நூலகத்தை என் தலையில் கட்டினார். பிள்ளைகள் வருவார்கள், மின்விசிறிக்குக் கீழே காற்று வாங்குவார்கள், போவார்கள். புத்தகத்தை ஒருவரும் தொடுவதில்லை.

"டீச்சர், அடுத்த கிழம வலயக் கல்வி ஒபிஸ்ல இருந்து மெடம் பாக்க வாறாங்க. புள்ளைகள் வாசிக்கிறதக் காட்ட ஏலாட்டி, இந்த அறைய உடைஞ்ச மேச கதிர போடக் குடுத்துருவன்," என்றார் அதிபர்.

அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் ஓதும் கிதாபையும் பாடப் புத்தகத்தையும் விட்டால் வேறு புத்தகம் கிடையாது. அறை போனால் எல்லாம் போச்சு. புத்தியுள்ளவள் என்ன செய்வாள்? பிள்ளைகளை இருத்தி வாசித்துக் காட்டுவாள். நான் உறை போட்டேன்.

என் அண்ணன், எங்கள் வாயில் நானா, பாலாவியில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. அவரிடம் சொல்லி பிரவுண் பேப்பர் சுருள் ஒன்று எடுப்பித்தேன். தரம் ஏழுப் பிள்ளைகளைக் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார வைத்தேன். "உறையில புத்தகத்துட பேர் ஒருத்தரும் எழுத வேணாம். கடைசியா நான் எழுதுறன், எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கணும்," என்று கட்டளை வேறு. அதுவும் போதாதென்று உயரப்படி அடுக்க வைத்தேன். முடிந்ததும் பார்த்தால், பேக்கரியில் பாண் அடுக்கியது போல அலுமாரி முழுக்கப் பழுப்பு நிறம். அழகோ அழகு.

பிறகு பேனையும் கையுமாக முதல் புத்தகத்தின் முன்னால் போய் நின்றேன்.

"ரிஸ்னா, இது என்ன புத்தகம் புள்ள?"

ரிஸ்னா வகுப்பின் கெட்டிக்காரி. "தெரியா டீச்சர். நீங்கதானே எல்லாத்தையும் மூடச் சொன்ன," என்றாள்.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் வாசலில் வலயத்து வாகனம். மெடம் சொன்ன நாளுக்கு முந்தியே வந்து இறங்கிவிட்டார்.

தரம் ஏழுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குள் நுழைந்தோம். அலுமாரிகளைக் கண்டதும் மெடத்தின் முகம் மலர்ந்தது. அதிபர் நெஞ்சை நிமிர்த்தினார். "சரி, கடல் பத்தி ஒரு புத்தகம் எடுத்துக் காட்டுங்க பாப்பம்," என்றார் மெடம்.

அஸ்மின் என்ற பையன் ஓடிப்போய் ஒன்றை உருவித் திறந்தான். "இது கோழி வளர்ப்பு மெடம்." ரிஸ்னா எடுத்தது தையல். அதிபர் என்னைப் பார்த்த பார்வையில் நான் உறை போடும் அளவுக்குச் சுருங்கிப் போனேன்.

"எல்லாரும் தேடுங்க," என்றேன்.

பிள்ளைகள் விழுந்தடித்து அலுமாரிகளைத் துழாவினார்கள். முதலில் சந்தைச் சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக அது அடங்கியது. திரும்பிப் பார்த்தால், அஸ்மின் கோழியை விட்டுவிட்டு நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தோடு தரையில் சப்பணமிட்டிருந்தான். ரிஸ்னா ஏதோ ஒரு கதைக்குள் தலையை விட்டவள் வெளியே எடுக்கவேயில்லை. கடலை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மெடமும் ஒன்றைத் திறந்து, சின்னப் பிள்ளைகளின் கதிரையில் ஒடுங்கி இருந்து வாசித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"டீச்சர், இத வீட்ட கொண்டு போகவா?" என்று கேட்டான் அஸ்மின். நான் பொறுப்பெடுத்த பிறகு புத்தகம் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

"நாளைக்கு வந்து வாசியன்."

"வெச்சா திரும்பக் கண்டுபிடிக்க ஏலா டீச்சர். எல்லாம் ஒரே மாதிரி இரிக்கி."

இதைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி என் மேசைக்கு முன்னால் கதவு வரை வரிசையில் நின்றார்கள். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

"நல்ல யோசனை டீச்சர். மூடி வெச்சுத் தேட விடுறது," என்றார் மெடம். "நீங்களே யோசிச்சதா?"

அதிபர் கண்ணாலே 'ஓம், நான்தான் எண்டு சொல்லு' என்றார். என் நாக்கும் ஆயத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் ரிஸ்னா நின்றாளே.

"இல்ல மெடம். பேர் எழுத முந்தி மூடிட்டன்."

மெடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப ஒரு அலுமாரிய பேர் எழுதாம இப்பிடியே விடுங்க," என்று சொல்லிவிட்டுத்தான் வாகனத்தில் ஏறினார். அறை தப்பியது.

அந்த அலுமாரி இன்றும் பெயரில்லாமல்தான் நிற்கிறது. வியாழக்கிழமைகளில் பிள்ளைகள் கையை விட்டு, வந்ததை வாசிக்கிறார்கள். அஸ்மின் கோழி வளர்ப்பையும் முடித்துவிட்டான்.

வீட்டில்தான் எனக்கு விமோசனமில்லை; கதை நானாவின் காதுக்கும் போய்விட்டது. பெருநாளைக்கு வட்டிலாப்பம் பொதி கட்டினாலும் நானா ஒரே கேள்வியைத்தான் கேட்பார். போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். துவாயில் சுற்றி, மூக்கு மட்டும் தெரிய என் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். நானா வந்து குனிந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு என் காதருகே மெதுவாகக் கேட்டார்:

"சுத்த முந்திப் பேர் எழுதினியா, தங்கச்சி?"