மாமாவின் கருவிப்பெட்டியை இப்போது தர மாட்டேன்

அன்பும் அவசரமும் ஒன்றாய்ப் பிறந்த என் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதிவிட்டேன். நீயும் உன் வீட்டாரும் நிஜமாகவே நலமாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா?

உன் கடிதம் வந்தது. சோலார் வேலையைச் சொந்தமாக ஆரம்பிக்கப் போகிறாய், மாமாவின் கருவிப்பெட்டியைக் கொடுத்தனுப்பு என்று எழுதியிருக்கிறாய். மாமாவோடு இரண்டு வருஷம் கூரை கூரையாக ஏறினவனுக்கு சர்டிபிகேட் எதற்கு என்றும் கேட்டிருக்கிறாய். பெட்டி கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, சர்டிபிகேட்டோடு வா, தருகிறேன். இல்லாவிட்டால் அது அங்கேயே கிடக்கட்டும். ஐந்தாவதோடு நின்றவள் படிப்பைப் பற்றிப் பேசுகிறாளே என்று சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

உன் மாமா என்னை விட்டுப் போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆகிறது. போன மாசம் நம் வீட்டுச் சோலாரும் படுத்துக்கொண்டது. மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று அதற்கே தெரியவில்லை. தெருக்கோடியில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டதற்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இன்வெர்ட்டர் பெட்டியைத் திறந்து நாலு வயரை இடம் மாற்றினார், அவ்வளவுதான், அது கீ கீ என்று அழ ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாளில் பழகிவிடும் என்றார், பெட்டிக்கா எனக்கா என்று சொல்லாமலே போய்விட்டார். நான் அதைத் தலையணையால் மூடி வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து நாய்க்குட்டி எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டாள். மூன்றாம் நாள் தலையணையில் கருகின வாசம் வந்தது. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து முறையாகப் படித்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன்.

வந்தது ஒரு பெண். சர்டிபிகேட்டை அட்டையாகக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். முதல் வேலையாக இன்வெர்ட்டரை அணைத்தாள். அப்புறம் மொட்டை மாடியில் அரைமணி நேரம் கயிறுதான் கட்டினாள். இழுத்துப் பார்க்கிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி கட்டுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஏம்மா, மாடிப்படி அறைக்கு மேலே ஏறுவதற்கு இத்தனை சிங்காரமா, எங்க வீட்டுக்காரர் இந்நேரம் ஏறி முடித்திருப்பார் என்றேன்.

"ஏறுறதுக்கு இல்லக்கா. இறங்குறதுக்குத்தான் கட்டறேன்" என்றாள்.

மேலே போனவள் அங்கிருந்தே திட்ட ஆரம்பித்தாள். எந்தப் புண்ணியவான் வேலை இது, தண்ணித்தொட்டி நிழலில் கொண்டுபோய் பேனலை வைத்திருக்கிறானே, ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மற்றதெல்லாம் சேர்ந்து சோம்பிவிடுமே, வயருக்குக் குழாய் இல்லை, எலி கடித்திருக்கிறது, எர்த் கம்பி போடவே இல்லை, இத்தனை நாள் நீங்கள் உயிரோடு இருந்ததே பெரிய விஷயம் என்கிறாள். யார் போட்டது என்று கேட்டாள். ஊர் பேர் தெரியாத ஒருத்தன் என்று சொல்லிவிட்டேன். பதினேழு வருஷம் கூட வாழ்ந்தவரைப் பற்றி அப்படிச் சொன்னேன் தம்பி. ஊர் பேர் தெரியாதவன்தானே என்று அவள் இன்னும் தாராளமாகத் திட்டினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டேன். ஓர் அளவுக்கு மேல் முடியவில்லை.

"அவரைத் திட்டாதேம்மா. வெயில் படுற இடத்துல என் துணிக்கொடி இருந்துச்சு. அதை அவுத்தா பாருங்கன்னு சண்டை போட்டவ நான்தான்."

அவள் கீழே இறங்கி வந்துவிட்டாள். நிழல் உங்களால், சரி, எர்த் கம்பி ஏன் போடவில்லை என்றாள். அது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, யாரும் சொல்லித் தரவில்லை, இப்போது அவரும் இல்லை என்றேன். அவர் எப்படிப் போனார் என்று கேட்டாள். கிடங்கு ஒன்றின் கூரையில் பேனல் மாட்டப் போனவர், வெளிச்சத்துக்காக நடுவில் போட்டிருந்த பிளாஸ்டிக் தகட்டின் மேல் காலை வைத்துவிட்டார், அது தாங்கவில்லை என்று சொன்னேன். கயிறு கட்டியிருக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"எங்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான்க்கா" என்றாள்.

முதல் நாள் பாடம், தம்பி. ஒரே ஒரு நாள் போயிருந்தால் போதும். போன வருஷம் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பத் தாள் வாங்கி வந்து காட்டினார். முதல் மூன்று நாளும் கயிறு கட்டத்தான் சொல்லித் தருவார்களாம் என்றார். கயிறு கட்டத்தானே, துணிக்கொடி கட்டுகிறவள் நானே சொல்லித் தருகிறேன், இந்த வயசில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடமா என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். மறுநாள் சமையலறை மாடத்தில் கிடந்த தாளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் எண்ணெய் டின்னை வைத்தேன். இன்று வரை அங்கேதான் இருக்கிறது.

வியாழக்கிழமை அந்தப் பெண் வந்து பேனலையெல்லாம் வெயிலுக்கு மாற்றப்போகிறாள். கொடியை நானே அவிழ்த்துவிட்டேன். துணி இப்போது நிழலில் காய்கிறது, ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

அந்த விண்ணப்பத் தாளை இதோடு வைத்து அனுப்புகிறேன். எண்ணெய் வட்டத்தைப் பார்க்காதே, பூர்த்தி செய்து அனுப்பு. உன் மாமாவுக்கு அதில் மனசு இல்லை, உனக்காவது இருக்கட்டும். குழந்தைக்கு என் முத்தம். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். நீ ஏறுகிற இடத்திலிருந்தெல்லாம் நல்லபடியாக இறங்க வேண்டும், அக்காவுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: தாளை வைக்கவில்லை. அனுப்புவதற்காக எடுத்துத் திருப்பினேன், எல்லாம் எழுதியிருக்கிறது. பேர், பிறந்த தேதி, கையெழுத்து, எல்லாம் அவர் எழுத்து. போட்டோ ஒட்டுவது மட்டும்தான் பாக்கி. அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில், "என் மனைவிக்கு. முதலில் சத்தம் போடுவாள், பயப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். நீ வேறு தாள் வாங்கிக்கொள்.