மேலாளர் அடித்த கோலும் மூன்றாம் கவுன்ட்டரின் முழங்காலும்

மனித குலத்தை உயர்த்திய மாபெரும் மாற்றம் எதுவென்று கேட்டால், நெருப்பு என்பார்கள் சிலர். சக்கரம் என்பார்கள் வேறு சிலர். அப்பாவிகள். குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் நாற்காலியை ஒழித்துக் காட்டிய 'நின்றே பணி' இயக்கத்தை அவர்கள் பார்த்ததில்லை.

உட்கார்ந்தால் உடல் கெடும் என்றொரு கட்டுரையை மேலாளர் படித்தார். உட்கார்ந்துதான் படித்தார். மறுநாளே கவுன்ட்டர் நாற்காலிகள் அனைத்தும் மாடிக்கு நாடு கடத்தப்பட்டன. மேசைக் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயரம் கூட்டினார்கள். அதே ஊக்கத்தில் 'உடல்நல வாரம்' பிறந்தது. அதன் நிறைவாக அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் கால்பந்துப் போட்டி.

நாற்பத்தாறு வயதான மூன்றாம் கவுன்ட்டர் எழுத்தரைக் கோல் காக்க நிறுத்தினார்கள். மேலாளருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதாவது, கிடைக்கச் செய்தார்கள். துணை மேலாளர் ஓடி வந்து எழுத்தரின் காதில் சொன்னார்.

"சார் எந்தப் பக்கம் அடிக்கிறாரோ, நீங்க எதிர்ப்பக்கம் பாய்ஞ்சிடணும்."

"நேரா அடிச்சா?"

"ஒதுங்கிடுங்க. ஆனா ஒதுங்கினது தெரியக் கூடாது."

பந்து நேராகவே வந்தது. கோப்பு நகரும் வேகத்தில், யோசித்து யோசித்து வந்தது. எழுத்தர் கடமை தவறவில்லை. பந்துக்கு வழிவிட்டு இடப்புறம் ஒரே பாய்ச்சல். உடல் போன திசைக்கு முழங்கால் மட்டும் வர மறுத்துவிட்டது. கோலும் விழுந்தது, எழுத்தரும் விழுந்தார். கைத்தட்டல் பந்துக்கு. அந்த அரிய கணத்தின் புகைப்படம் சட்டமிடப்பட்டு, மூன்றாம் கவுன்ட்டருக்கு நேர் எதிரே சுவரேறியது.

ஐந்து மாதங்களாகியும் வலி விடவில்லை. படி இறங்கினால் மூட்டுக்குள் யாரோ திருகாணி முறுக்குவார்கள். மாலைக்குள் முழங்கால் அந்தப் பந்தைப் போலவே உப்பிவிடும். தசைநார் கிழிசல் என்றார் மருத்துவர்; இப்படியே நாளெல்லாம் நின்றால் ஆயுளுக்கும் நொண்ட வேண்டியதுதான் என்றார்.

"ஒரு நாற்காலி கேக்க உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்றாள் மனைவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி.

"எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பாங்க."

"சொல்லுங்களேன்."

"சொன்னா சாரோட கோல் போயிடும்."

"சொல்லலேன்னா உங்க கால் போயிடும். எது பெருசு?"

"ஆபீஸ்ல கோல்தான் பெருசு."

ஒத்தடத்தின் சூடு சற்றே கூடியது.

மறுநாள் மனு போட்டார். எழுவர் குழு மாடியில் கூடியது. நாடு கடத்தப்பட்ட நாற்காலிகளில் ஏழு பேரும் அமர்ந்து ஆராய்ந்தார்கள், எழுத்தர் நின்றார்.

"பந்து நேராத்தானே வந்துச்சு? நீங்க ஏன் இடப்பக்கம் பாய்ஞ்சீங்க?" என்று கேட்டார் கணக்கு அதிகாரி.

துணை மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"கணிப்புத் தப்பிடுச்சுங்க" என்றார் எழுத்தர்.

"அப்படின்னா உங்க கவனக்குறைவு. எதுக்கும் ஒருதடவை நடத்திப் பாத்துடுவோம்."

பின்கட்டு வெளியில் 'மறு ஆய்வு' நடந்தது. மேலாளர் உதைத்தார். வேறு திசை அறியாத பந்து மறுபடியும் நேராக வந்தது. எழுத்தரின் மனம் இடப்புறம் பாய்ந்தது, கால் அசையவில்லை. பந்து வந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டது. விண்ணப்பத்தை வாங்கும் பழக்கத்தில் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

குழுவின் அறிக்கை அன்றே வெளிவந்தது: 'நலமான முழங்காலால் தடுக்க முடியாத பந்தை, ஐந்து மாதம் நின்று பணியாற்றிய முழங்கால் தடுத்துள்ளது. நின்றே பணி இயக்கத்துக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. நாற்காலி மறுக்கப்படுகிறது. பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது.'

சான்றிதழை அவர் கவுன்ட்டருக்கு மேலேயே மாட்ட மேலாளர் நேரில் எழுந்தருளினார். ஆணி எட்டவில்லை. அரை நிமிடத்தில் மாடியிலிருந்து ஒரு நாற்காலி இறங்கியது. உதவியாளர் ஏறுவதற்குள் எழுத்தர் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், அது சான்றிதழ் மாட்ட வந்த நாற்காலிய்யா" என்றார் துணை மேலாளர்.

"தெரியும் சார்."

"எழுந்திருங்க" என்றார் மேலாளர்.

"எழுந்திருக்கிறேன் சார். ஏன் இடப்பக்கம் பாய்ஞ்சீங்கன்னு கமிட்டியில கேட்டாங்க. சரியான பதில் இப்பத்தான் ஞாபகம் வருது. எல்லாரும் இருக்காங்க, சொல்லிட்டு எழுந்துடறேன்."

வரிசையில் நின்ற நாற்பது பேரும் தலையை நிமிர்த்தினார்கள். துணை மேலாளருக்குத் திடீரென்று இருமல் கண்டது. மேலாளர் இருமியவரைப் பார்த்தார். பிறகு எதிர்ச்சுவர்ப் படத்தில், கோலுக்குள் போய்க்கொண்டிருந்த தம் பந்தைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார். "நீங்க உட்காருங்க."

அந்த நாற்காலி இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஊழியரின் வலி கண்டு உள்ளம் உருகி வழங்கியதாகக் கோப்பு கூறுகிறது. கிழிந்த தசைநாருக்கு இரங்காத அலுவலகம், ஒரு கோலைக் காப்பாற்ற அரை நிமிடத்தில் இரங்கியது. அதைக் காக்கத்தானே அவரை நிறுத்தினார்கள், உட்கார்ந்து காக்கிறார்.