தாடி எண்ணெய் விளம்பரம்

மழை வருமா என்று பார்க்கக் கணினியைத் திறந்த புனிதன் முன்னால் தாடி எண்ணெய் வந்து நின்றது. பக்கத்திலேயே ஆண்கள் பூசும் சென்ட். கீழே போனால், 'அவள் மனத்தை வெல்ல எளிய வழிகள்'. ஒரு வாரமாக இதே கதை.

புனிதன் புக்கிட் பெலண்டோக் பக்கம் பாமாயிலுக்கான ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி. அவன் முகத்தில் தாடி முளைக்கவே யோசிக்கும். வீட்டில் அந்தக் கணினியைத் தொடுகிற இன்னொரு ஆள், அதில் முறுக்கு ஆர்டர் பிடிக்கிற மனைவி இந்துமதி. அவள் அப்பா உடையப்பனும் அவர்களோடுதான் இருந்தார். சிரம்பானில் துணிக்கடை நடத்தி ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். அவர் பழைய பாட்டுக் கேட்க மட்டுமே கணினிப் பக்கம் வருவார் என்பது புனிதனின் எண்ணம்.

பக்கத்து ஊரான லுக்குட்டில் கணினி பழுது பார்க்கும் அய்மனிடம் தூக்கிக்கொண்டு போனான். வைரஸாக இருந்துவிட்டால் நல்லது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டான்.

"வைரஸ் இல்லண்ணே, இது குக்கீஸ்" என்றான் அய்மன். "கம்ப்யூட்டருக்கு ஒரு கெடுதலும் செய்யாது. யாரு எதப் பாத்தாங்களோ அத ஞாபகம் வச்சுக்கிட்டு, அதையே திரும்பக் காட்டும். அவ்வளவுதான் லா."

கணினிக்குக் கெடுதல் இல்லை. புனிதனுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

தாடி வைத்த ஆண்களைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று மனைவியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தான். சிலருக்கு நன்றாகத்தான் இருக்கும் என்று அவள் மாவு பிசைந்துகொண்டே சொன்னாள். யார் அந்தச் சிலர்? மறுநாள் முதல் தோட்டத்துக்குள் வருகிற தாடிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அளந்தான். உர லாரி டிரைவருக்கு அடர்ந்த தாடி. அவர் முறுக்கு வாங்க வீட்டுக்கு வந்தபோது, முறுக்கே போடுவதில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினான். உள்ளே முறுக்கு பொரிகிற வாசனை தெருவரை வீசிக்கொண்டிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். இருக்கிற குக்கீஸை எல்லாம் துடைத்துவிட்டால், மறுபடி விளம்பரம் வரும்போது குட்டு உடையும் என்று கணக்குப் போட்டு, மொத்தத்தையும் அழித்தான். தாடி எண்ணெய் போயிற்று. கூடவே இந்துமதியின் முறுக்குக் கடைப் பக்கமும் அவளை யாரென்றே தெரியாது என்றது. கடவுச்சொல் அவளுக்கு மறந்து வெகுகாலம். கையில் இருந்த கல்யாண ஆர்டர் ஒன்று நழுவியது.

யார் இதைச் செய்தது என்று கேட்டபோது, குக்கீஸ் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடும் என்று அய்மன் சொன்னதாக ஒரு பொய்யைச் சொன்னான். அவள் நேரே அய்மனுக்கே போன் போட்டாள். அந்த நல்ல பிள்ளை, அண்ணன் வந்து என்னென்ன கேட்டார் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டான்.

போனை வைத்தவள் குரலை உயர்த்தவில்லை.

"எம் மேல சந்தேகம்னா என்னையே கேட்டிருக்கலாங்க. அந்த மிஷினப் போயி கேட்டீங்களே."

அன்று முதல் சோறு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. புனிதன் அப்பா போன பிறகு கோலா பிலாவில் தனியாக இருக்கும் தன் அம்மா மயிலம்மாளுக்குப் போன் செய்து புலம்பினான். மருமகள் மேல் ஒரு குறை சொன்னால் ஒன்பது சேர்த்துச் சொல்கிற அம்மா, தாடி எண்ணெய் என்றதும் அது யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. இந்து தங்கமான பிள்ளை, போய் மன்னிப்புக் கேள் என்று சொல்லி அவசரமாக வைத்துவிட்டாள்.

அம்மாவே கைவிட்ட பிறகு வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்படி வாசலில் நின்று, தான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டான். இந்துமதி முறுக்கைத் திருப்பிப் போட்டபடி, பொறாமைப்படுவதற்காவது நிஜமாக ஒரு ஆள் இருக்க வேண்டாமா என்று கேட்டு லேசாகச் சிரித்தாள். அவனுக்கு உயிர் வந்தது.

அப்போது உடையப்பன் கணினியை ஏந்திக்கொண்டு வந்து நின்றார். தோட்டத்துத் தாடிகளை எல்லாம் அளந்த புனிதன், மாமனாரின் தாடையில் வெள்ளையாக முளைத்திருந்ததை அன்றுதான் பார்த்தான்.

"வாங்கலாம்னு இதுல கூடையில போட்டு வச்சிருந்த தாடி எண்ணெயக் காணோமே மாப்ள, கொஞ்சம் தேடிக் குடுங்களேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "தாடி வைக்கச் சொன்னதே உங்கம்மாதான்."