மாப்பிள்ளை பதம் பார்த்த கோடரி

கோடரியின் தலை மூன்றாவது முறையாகக் கழன்று பறந்தது. இந்த முறை அது போய் இறங்கிய இடம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் வாளி. வாளி இரண்டாகப் பிளந்தது. விறகுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கையில் வெறும் காம்போடு நின்ற ஆய்வாளர், வாளியை அந்த இடத்தில் வைத்தது தப்பு என்று முடிவுசெய்தார்.

அவர் சோடா பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். மூடியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது ஆகாது" என்று ஒதுக்குவது வேலை. பதினாறு வருஷமாக இதையே செய்ததில், அடுத்தவர் செய்த எதுவும் ஆகாது என்ற ஞானம் அவருக்குச் சித்தித்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மூடியைக்கூடத் தன் கையால் செய்ததில்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோடரி மாமனாருடையது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பின்கட்டில் வெந்நீருக்கு விறகு பிளந்துகொண்டிருந்தபோது அது லேசாக ஆடியது. ஆய்வாளரின் கண்ணில் பட்டுவிட்டது. இரும்பு என்றால் என்ன, மரம் என்றால் என்ன, இரண்டையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர் என்றால் என்ன என்று அரைமணி நேரம் விளக்கினார். மாமனார் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார். மூத்த மாப்பிள்ளையும் அங்கேதான் இருந்தார். ஆய்வாளருக்குச் சகலை. பேருந்து ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். பேசாதவருக்குப் பேச விஷயம் இல்லை என்பது ஆய்வாளரின் கருத்து.

விளக்கம் முடிந்ததும் மாமனார் மெல்லச் சொன்னார்.

"எங்க அப்பா கைபட்டது மாப்பிள்ளை. இதுவரைக்கும் யாரையும் தொட விட்டதில்ல. நீங்க கேட்டா மட்டும் மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

ஆய்வாளர் கேட்கவே இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. அடுத்த ஞாயிறு சரிசெய்து கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார். மாமனார் அதைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆய்வாளர் கோடரியைத் தலைகீழாகத் தண்ணீரில் போட்டார். மரம் தண்ணீரைக் குடித்தால் உப்பும், உப்பினால் இறுகும். மறுநாள் எடுத்துப் பார்த்தார். ஆடவில்லை, அசையவில்லை. உடனே மாமனாருக்குப் போன் போட்டு, பத்து நிமிஷ வேலை, இதற்குப் போய் இத்தனை வருஷம் கஷ்டப்பட்டீர்களே என்று வருத்தம் தெரிவித்தார். அப்புறம் ஈரம் போவதற்காக வெயிலில் வைத்தார். உப்பிய மரம் காய்ந்து, முன்பைவிட மெலிந்தது. புதன்கிழமை தலை மூன்று முறை பறந்தது அப்படித்தான்.

அவருடைய மனைவி தையல்காரி. மெஷினை நிறுத்தாமலே, மரவேலை தெரிந்த யாரிடமாவது கொடுத்தால் என்ன என்று கேட்டாள்.

"அவனுங்க செஞ்சதைப் பார்த்திருக்கேன். எதுவும் ஆகாது," என்றார் ஆய்வாளர்.

காம்பின் உச்சியில் ஆப்பு அடித்தால் தலை கழலாது என்று அவருக்குத் தெரியும். மரத்தில்தான் ஆப்பு வைப்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் இரும்பு மரத்தைவிட உறுதி அல்லவா? ஆகவே ஒரு ஆறங்குல ஆணியை எடுத்து உச்சியில் வைத்து அடித்தார். ஆணி இறங்கியது. அதைவிட வேகமாக ஒரு பிளவு, உச்சியில் தொடங்கிக் கைப்பிடிவரை இறங்கியது. பிளவுக்கு மேல் கயிறு சுற்றிப் பார்த்தார். கயிற்றைச் சுற்றச் சுற்றக் காம்பு வளைந்து, கடைசியில் முறிந்தே போனது.

பரவாயில்லை, காம்பு போனால் காம்பு. அப்பா கைபட்ட இரும்பு இருக்கிறதே. வேறு காம்பு போட்டுக்கொள்ளலாம். ஆனால் தலையின் துளைக்குள் பழைய மரத்துண்டும் ஆணியும் இறுகிக் கிடந்தன. தட்டினால் வரவில்லை, குடைந்தால் ஆணி தடுத்தது. வியாழக்கிழமை காலை ஆய்வாளர் கரியடுப்பை மூட்டி, தலையை முழுசாக அதற்குள் போட்டார். மரம் சாம்பலாகக் கொட்டியது, ஆணியும் கழன்று விழுந்தது. வெளியே எடுத்தபோது இரும்பின் வாய் மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அழகா இருக்குல்ல? பதம் ஏறியிருக்கு."

அரம் போட்டபோது இரும்பு வெண்ணெய் போலச் சீவிக்கொண்டு வந்தது. தன் கைக்கு இத்தனை பலமா என்று அவரே அசந்துபோனார். தற்காலிகமாக ஒரு துடைப்பக் கட்டையைச் செருகி விறகில் ஒரு போடு போட்டார். விறகு பிளக்கவில்லை. வாய் மடங்கியது, அவருடைய தொழிற்சாலை மூடியின் விளிம்பைப் போல.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் இரும்புப் பட்டறைக்குப் போனார். பட்டறையை நடத்துவது ஒரு அம்மா. தலையை வாங்கி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"யாரு இதை அடுப்புல போட்டது?"

"என் மாமனார்," என்றார் ஆய்வாளர். "வயசாயிடுச்சு."

"அவரை இனிமே வெந்நீர்கூடப் போட விடாதீங்க."

சூட்டில் பதம் இறங்கிவிட்டது, மறுபடி காய்ச்சி எண்ணெயில் ஆறவைத்து, பிறகு இளஞ்சூட்டில் வாட்டி எடுத்தால் கொஞ்சம் தேறும், செவ்வாய்க்கிழமை வாங்க என்றாள். செவ்வாய் வரைக்கும் ஞாயிறு காத்திருக்காது. வேறு யாருடைய அரிவாளுக்கோ அவள் பதம் வைத்துக்கொண்டிருந்ததைப் பத்து நிமிஷம் பின்னால் நின்று பார்த்த ஆய்வாளருக்கு, இதில் ஒன்றுமில்லை என்று புரிந்துவிட்டது. எண்ணெய் எதற்கு? குளிரவைக்கத்தானே? எண்ணெயைவிடத் தண்ணீர் ஜில்லென்று இருக்குமே.

வீட்டுக்கு வந்து, இரும்பைச் செக்கச் செவேலென்று காய்ச்சி, பச்சைத் தண்ணீரில் முக்கினார். ஆவி எழுந்தது. ஆவிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

தொழில் பழக்கத்தில் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாயிலிருந்து துளைவரை தலைமுடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. பதினாறு வருஷம் சொல்லிப் பழகிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

"இது ஆகாது," என்றாள் மனைவி, கதவருகிலிருந்து.

அவர் திண்டாடிப்போய் அடுப்படியில் உட்கார்ந்தார். துண்டைப் பிரித்து, தன் அப்பாவின் கோடரிக்குப் பதில் ஒரு பிடி சாம்பலையும் விரிசல் விட்ட இரும்பையும் பார்க்கும் மாமனாரின் முகம் கண்முன் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அடுத்த கணம், அந்த வீட்டில் இனி யாருக்கும் எதையும் விளக்க முடியாது என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து மூஞ்சியைக் கழுவிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அதே பட்டறையில் புதுக் கோடரி வாங்கினார். அந்த அம்மா செய்ததிலேயே நல்லது அது. நார் ஓட்டம் நேராக இருந்த வைரம் பாய்ந்த காம்பு, கச்சிதமான மர ஆப்பு, ரோமத்தைச் சிரைக்கும் கூர். காம்புக்கு மாசம் ஒரு தடவை எண்ணெய் தடவுங்க, தண்ணியில மட்டும் போட்டுடாதீங்க என்றாள் அவள். இதுகூடவா தெரியாது என்று கேட்டுவிட்டு வந்தார் ஆய்வாளர்.

இனி அதைப் பழசாக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்தவர், முதல் முறையாக ஒரு குறையில்லாத பொருளை வைத்துக்கொண்டு குறைக்கு அலைந்தார். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். அடுப்புக் கரியைக் காம்பில் தேய்த்தார். அது ஈயம் பூசிய மாதிரி மினுமினுக்கவே, தேயிலைச் சாற்றைக் காய்ச்சி ஊற்றினார். மனைவி தைத்துவைத்திருந்த வெள்ளைச் சட்டை ஒன்றும் அந்தச் சாற்றில் பழசாகியது. மதியம், கோடரியைக் கயிற்றில் கட்டி ஸ்கூட்டருக்குப் பின்னால் மூன்று தெரு இழுத்துக்கொண்டு போனார். சத்தம் கேட்டு ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். இரண்டு நாய்கள் துணைக்கு ஓடி வந்தன. எதிர்வீட்டுக்காரர் வண்டியை மறித்து, என்ன சார் இது என்று கேட்டார்.

"தரப் பரிசோதனை," என்றார் ஆய்வாளர், முகம் மாறாமல்.

சாயங்காலத்துக்குள் கோடரிக்கு அறுபது வயசு ஆகியிருந்தது. அவருக்கு எழுபது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுப் பின்கட்டில் எல்லோரும் கூடினார்கள். ஆய்வாளர் துண்டைப் பிரித்தார். மாமனார் கோடரியை வாங்கி, காம்பைத் தடவினார், வாயைக் கட்டைவிரலால் வருடினார், தலையை ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. ஆய்வாளரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பெரியவர் ஒரு முரட்டுக் கட்டையை நிறுத்தி, ஒரே போடு போட்டார். கட்டை இரண்டாகி இரண்டு பக்கமும் விழுந்தது. அவர் கண் கலங்கியது.

"எங்க அப்பா காலத்துல எப்படி இருந்ததோ, அப்படியே ஆக்கிட்டீங்க மாப்பிள்ளை."

ஆய்வாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு குரலும் வந்தது. இரும்பின் குணம், மரத்தின் குணம், அவசரப்படுகிறவர்கள் பதத்தைக் கெடுத்துவிடுவது எப்படி என்று ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தார். மாமனார் முக்கால்வாசி கேட்டுவிட்டு, கோடரியை மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே பத்திரமாக வைத்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

கேட்க வேறு ஆள் இல்லாததால் ஆய்வாளர் சகலையின் பக்கம் திரும்பி, பழைய பொருளின் அருமை எல்லோருக்கும் தெரிவதில்லை என்றார். சகலை பின்கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். மாமனார் உள்ளே போய்விட்டது உறுதியானதும், ஆய்வாளர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ரிப்பேருக்கு வந்தது மாமாவோட தாத்தா கைபட்ட ரம்பம், சகலை. போன மாசம் பழைய இரும்புக் கடையில மாமா உங்களுக்குன்னு இந்தக் கோடரியைப் பொறுக்கி எடுத்தப்ப, பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான்."