வால் நீளம் கட்டாயம்

ஒரு காட்டில், சிக்னல் ஓரளவு கிடைக்கிற மேற்குப் பக்கமாக, ஞானப்பிரகாசம் என்றொரு தேவாங்கு குடியிருந்தார். பெரிய கண்கள், குச்சி குச்சியான விரல்கள். தொடுதிரைகளுக்குப் படிவம் வடிவமைப்பது அவர் தொழில். அந்தக் காட்டில் வேறு யாருக்கும் அந்தத் தொழில் தெரியாது. அதனால் அவருக்கு அது மிக நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. ஓடை வற்றி, குட்டைகள் வெடித்து, காட்டுக்கே ஒரேயொரு குளம்தான் மிச்சம். கரையில் தினமும் தள்ளுமுள்ளு. ஒரு காட்டெருமைக்குக் கொம்பு உடைந்த அன்று புலி ராஜா கூட்டம் போட்டார்.

"குளத்தைச் சுத்தி வேலி போடுங்க. ஒரே ஒரு கதவு. தண்ணி வேணுங்கிறவங்க விவரத்தைப் பதிஞ்சாத்தான் அது தொறக்கணும். யாரு செய்யிறது?"

எல்லோரும் தேவாங்கைப் பார்த்தார்கள். தேவாங்கு அடக்கமாகத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

பதினைந்து நாள் அவர் மரத்தை விட்டு இறங்கவில்லை. அடர்ந்த இலை நிழலில் கிளையில் தொங்கியபடியே வேலை. முதலில் பெயர், இனம் என்று இரண்டு கட்டங்கள்தான் வைத்தார். இரண்டு கட்டத்துக்கா பதினைந்து நாள் என்று ராஜா கேட்டுவிட்டால்? பிறந்த தேதியைச் சேர்த்தார். கால்களின் எண்ணிக்கையைச் சேர்த்தார். வால் நீளம், கொம்பின் வளைவு, கடைசியாகக் கொட்டாவி விட்ட நேரம் என்று கை போன போக்கில் போய், மொத்தம் நாற்பத்திரண்டு கட்டங்கள் ஆயின. எல்லாமே கட்டாயம். எழுத்து கடுகளவு. அதுவும் வெள்ளைப் பின்னணியில் இளஞ்சாம்பல் நிறம். கண்ணுக்கு இதமாக இருக்குமாம். 'சமர்ப்பி' என்ற பொத்தானையும் 'எல்லாவற்றையும் அழி' என்ற பொத்தானையும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜோடியாகப் பார்க்க லட்சணமாக இருந்தன.

சோதனையும் செய்யாமல் இல்லை. இருநூறு தடவை சோதித்தார். இருநூறு தடவையும் சோதித்தது அவரேதான். ஒவ்வொரு கட்டத்திலும் '1' என்று தட்டிக்கொண்டே போனால் நாற்பது வினாடியில் வேலை முடிந்தது.

"சின்னக் குழந்தைகூட நிரப்பிடும்" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். விரல் நீளமாக இருந்ததால் எட்டியது.

திறப்பு விழா அன்று ராஜா வந்து வேலிக் கதவில் பதித்திருந்த திரையை ஒரு நகத்தால் தொட்டார். அதில் மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல் விழுந்தது. அரசருக்கான விவரங்களை ஞானப்பிரகாசம் முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்ததால் கதவு திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ராஜா குடித்துவிட்டுப் போனார். கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் காலையிலிருந்து பொதுமக்கள் வரிசை. ஞானப்பிரகாசம் குளத்தோரத்து மருதமரத்தின் உச்சியில் உட்கார்ந்து பாராட்டுக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டார்.

முதலில் வந்தவர் காட்டுப்பன்றி. உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெயிலில் அந்த இளஞ்சாம்பல் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. திரை கண்ணாடி மாதிரி ஆகி, பன்றிக்குப் பன்றியின் முகமே தெரிந்தது. அவர் மரியாதையாக இரண்டடி பின்வாங்கி நின்றார்.

"என்னங்க, போங்களேன்" என்றார் பின்னால் நின்றவர்.

"எனக்கு முன்னாடி ஒருத்தர் பதிஞ்சுக்கிட்டிருக்காருங்க. பாவம், தடுமாறுறாரு. முடிக்கட்டும்."

பன்றியை நகர்த்திவிட்டு வேலாயி என்ற பெண்யானை முன்னால் வந்தாள். தும்பிக்கை நுனியை வைத்தாள். ஒரே தொடலில் ஏழு எழுத்து விழுந்தது. பெயர் என்ற கட்டத்தில் 'கஙசநதபம' என்று வந்தது. "அப்படி ஓர் இனம் பட்டியலில் இல்லை" என்றது திரை. பெயர் கட்டத்தில் ஏன் இனத்தைப் பற்றிப் பேசுகிறது என்று வேலாயிக்குப் புரியவில்லை. மேலே இருந்த ஞானப்பிரகாசத்துக்கும் புரியவில்லை.

அடுத்தவர் தாண்டவமூர்த்தி என்ற கிழட்டு ஆமை. யாரோ திரைக்கு முன்னால் ஒரு கல்லைப் போட்டு ஏற்றிவிட்டார்கள். பிறந்த தேதிக்கு ஒரு சக்கரம் வைத்திருந்தார் ஞானப்பிரகாசம். இன்றைய தேதியில் தொடங்கி ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் உருட்ட வேண்டும். ஆமைக்கு வயது நூற்று நாற்பத்தாறு. அவர் உருட்டி உருட்டி அறுபது வருஷம் பின்னால் போய், மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். திரை அணைந்து, திரும்ப எரிந்தபோது இன்றைய தேதிக்கு வந்துவிட்டது.

"தம்பி!" என்று அவர் மரத்தைப் பார்த்துக் கத்தினார். "நான் பொறந்த வருஷத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள செத்துருவேன் போலிருக்கே!"

"நல்லாப் பழகினா வந்துரும் பெரியவரே" என்று ஞானப்பிரகாசம் மேலிருந்து சொன்னார். உள்ளுக்குள், "இவங்களுக்குப் பயிற்சி போதல" என்று நினைத்துக்கொண்டார். அன்று மாலையே 'படிவத்தை நிரப்புவது எப்படி' என்று பதினான்கு பக்க விளக்கம் எழுதித் திரையில் சேர்த்தார். அதைக் கடைசிவரை படித்தால்தான் படிவமே வரும்.

மூன்றாம் நாள் செவ்வந்தி வந்தாள். நிறைமாதப் புள்ளிமான். குளம்பால் தொட்டாள், திரை அசையவில்லை. மறுபடி தொட்டாள்.

"சார், நான் தொட்டா தொட்டதாவே அது எடுத்துக்க மாட்டேங்குது."

"குளம்பு வேண்டாம்மா. மூக்கால தொடுங்க. மூக்கு ஈரமா இருந்தா எடுத்துக்கும்."

செவ்வந்தி மூக்கை வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"மூக்கு காஞ்சு கிடக்கு சார்."

"ஈரமாக்கிக்கிட்டு வாங்களேன்."

"எதால சார்?"

ஞானப்பிரகாசம் குளத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். திரும்பச் செவ்வந்தியைப் பார்த்தபோது அவள் முன்னங்கால்கள் மடிந்து தரையில் சரிந்துகொண்டிருந்தாள்.

பதினெட்டு நாளில் முதல் தடவையாக அவர் மரத்திலிருந்து இறங்கினார். தேவாங்குகள் மெதுவாகத்தான் இறங்கும். அந்த நேரம் முழுக்க வரிசையில் நின்றவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் அவருடைய பெரிய கண்களில் ஊசியாய்க் குத்தியது. "நகருங்க, இந்தம்மாவுக்கு நான் பதிஞ்சு தர்றேன்" என்றார்.

எழுத்து தெரியவில்லை. ஒரு கையால் நிழல் பிடித்து, மறு கையால் தட்டினார். விளக்கத்தின் பதினான்கு பக்கத்தையும் தள்ளவே எரிச்சலாக வந்தது. நாற்பத்திரண்டாவது கட்டம் வரை போய், வியர்த்த விரலால் 'சமர்ப்பி'யை அழுத்தினார். பக்கத்துப் பொத்தானில் பட்டுவிட்டது. எல்லாம் அழிந்தது.

"என்னாச்சு?" என்றாள் வேலாயி.

"ஒண்ணுமில்ல. முதல்லேருந்து."

இரண்டாம் தடவை, யோசிக்காமல் தன் விவரங்களையே போட்டார், வேகமாக முடியுமென்று. வால் நீளம் வந்தது. தேவாங்குக்கு வால் கிடையாது. பூஜ்யம் என்று போட்டார். "வால் நீளம் பூஜ்யமாக இருக்க முடியாது" என்று சிவப்பில் வந்தது. ஞானப்பிரகாசம் அந்த வரியை மூன்று தடவை படித்தார். அதை எழுதிய நாள் அவருக்கு நினைவிருந்தது. நல்ல வாக்கியமாக அமைந்துவிட்டது என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருந்தார்.

"வேலாயி அக்கா" என்றார், திரும்பாமல். "இந்த வேலி எவ்வளவு கனம் தாங்கும்?"

வேலாயி முன்னால் வந்தாள். நெற்றியை வேலியில் வைத்து, களைத்துப்போனவள் சுவரில் சாய்வது போலச் சாய்ந்தாள். நான்கு தூண்கள் சத்தமில்லாமல் படுத்தன. தும்பிக்கையில் தண்ணீர் மொண்டு வந்து செவ்வந்தியின் முகத்தில் ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து செவ்வந்தியின் காது ஆடியது. எல்லோரும், யாரும் யாரையும் முட்டாமல், குடித்தார்கள். ஞானப்பிரகாசமும் ஓரமாகக் குனிந்து குடித்தார். தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள், தண்டனைக்குத் தயாராகி ராஜாவிடம் போனார்.

"ராஜா, தப்பு என்னோடதுதான். என் படிவத்தை ஒருத்தராலயும் நிரப்ப முடியல. என்னாலயே முடியல."

ராஜா நிமிராமல் ஓர் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். "முதல் மூணு நாள்ல கரையில சண்டை, பூஜ்யம். தண்ணி செலவு, பூஜ்யம். புகார், பூஜ்யம். இப்படியொரு அறிக்கையை என் ஆட்சியிலேயே பார்த்ததில்லை. நீ என்ன சொல்ல வந்தே?"

"புகார் வராததுக்குக் காரணம் இருக்கு ராஜா. புகார்ப் படிவத்துல பதிவு எண் கேட்டிருக்கேன். பதிய முடிஞ்சாத்தானே எண் கிடைக்கும்?"

ராஜா இப்போது நிமிர்ந்தார். "அதையும் நீயேதான் வடிவமைச்சியா?"

"ஆமா ராஜா."

"காட்டுல இருக்கிற எல்லாத் துறைப் படிவத்துக்கும் இனிமே நீதான் தலைமை."

ஞானப்பிரகாசத்திடம் இன்னும் பாதி வாக்குமூலம் பாக்கி இருந்தது. வேலி விழுந்ததையும் மானையும் அவர் சொல்லியிருக்கலாம். "நன்றி ராஜா" என்றுதான் வாயில் வந்தது.

திரும்பும் வழியில், விழுந்த வேலியைத் தாண்டிக் குளக்கரைக்குப் போனார். செவ்வந்தி அங்கே நின்றிருந்தாள்.

"ஏதோ பெரிய பதவியாமே சார்?"

"ஆமாம்மா."

"எதுக்குக் குடுத்தாங்க?"

"யாருமே பதியாததுக்கு."

செவ்வந்தி அவருக்கும் இறங்க இடம் விட்டு, கொஞ்சம் தள்ளி நின்று குடித்தாள். அவர் அன்று வெகுநேரம் குடித்தார். தாகம் மட்டும் தீரவில்லை.

நீதி: நீங்கள் செய்த படிவத்தை யாராலும் நிரப்ப முடியவில்லையா? கவலை வேண்டாம். புகார்ப் படிவத்தையும் நீங்களே செய்துவிடுங்கள்.